கம்பெனியோடு தகராறு: யாரிடம் போவது, எப்போது போவது

“வக்கீல் வெச்சுத்தான் போகோணுமுங்களா, நாமளே போயிக்கலாமுங்களா?” தாராபுரம் பக்கம் ஏதாவது ஒரு கம்பெனியோடு தகராறு என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். சட்டத்தைப் பார்த்தால் பதில் சுலபம். நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் கட்டாயமில்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் கட்டாயமில்லை. 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் 2019 சட்டத்திலும் கட்டாயமில்லை. ஆனால் இந்த ஒரு வரிப் பதிலோடு ஆளை அனுப்பிவிடக் கூடாது. சில தகராறுகளை வீட்டில் உட்கார்ந்தபடியே நாமே முடித்துக்கொள்ளலாம். சிலவற்றில் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பு வேறொரு நிபுணரைப் பார்த்தாக வேண்டும். இன்னும் சில இடங்களில் வக்கீல் மூலமாகப் போனால் மனுவையே ஏற்க மாட்டார்கள். கையில் இருப்பது இதில் எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. அது தெரியாததால் ஆயிரம் ரூபாய் மிக்ஸிக்காக வக்கீல் ஃபீஸ் கட்டியவர்களும் இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் விளைச்சல் போன பிறகும் ஒரு காகிதம்கூட இல்லாமல் நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கெடு. தகராறுக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் பதிவாக வேண்டும். கம்பெனிக்குப் போன் பண்ணிக்கொண்டே இருந்தால் கெடு நின்றுவிடாது. “மேலிடத்துக்கு எழுதியிருக்கோம், பார்க்கிறோம்” என்று அவர்கள் அனுப்பும் மெயிலாலும் நிற்காது. இதைச் சொல்லும்போது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை திருப்பூர் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்கிவிட்டால் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அந்த மனு ஒரு துறைக்குப் போகும், அங்கிருந்து ஒரு பதில் வரும். அது நல்ல வழிதான், கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த புகார் ஆகாது. இரண்டு வருடக் கணக்கு அதனால் நிற்பதும் இல்லை. கெடு தாண்டிவிட்டால் தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் கையில்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ஆன்லைனில் வாங்கிய செல்போன், வாரன்டியில் இருக்கும்போதே ரிப்பேர் செய்யாமல் இழுத்தடிக்கும் ஃபிரிட்ஜ், வராத பார்சல், ரத்தான டிக்கெட்டுக்குத் திரும்பாத பணம் ஆகியவற்றுக்கு வக்கீல் வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைப் பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்புவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை; ஆனால் பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே ஆள் இருப்பதால் நிறையப் புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். ஆன்லைன் வியாபாரிகளுக்கு 2020-இல் வந்த விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் கஸ்டமர் கேரில் பேசியதோடு விடாமல் அந்த அலுவலரின் முகவரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். கடையில் அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கினாலோ எடை குறைந்தாலோ தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் போக வேண்டும். நம் மாநிலத்தில் எடையளவுச் சட்டம் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.

உதவி தேடும்போதே ஏமாறுகிறவர்களும் உண்டு. கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடி, முதலில் வந்த நம்பருக்குப் பேசி, “ரீஃபண்ட் அனுப்புறோம், இந்த ஆப்பை இறக்குங்க” என்று சொன்னதைச் செய்து, கணக்கில் இருந்ததையும் பறிகொடுப்பது இப்போது வாடிக்கையாகிவிட்டது. நம்பரை பில்லிலோ, பெட்டியிலோ, கம்பெனியின் சொந்தத் தளத்திலோ பார்த்து எடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

அடுத்தது பேங்க், இன்சூரன்ஸ். இங்கேதான் வரிசை மாறினால் வாசல் அடைபடும். பேங்க், நிதி நிறுவனம், டிஜிட்டல் பணம் அனுப்பும் சேவை ஆகியவற்றின் மீதான குறைகளுக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் திட்டம் 2021 நவம்பரிலிருந்து நாடு முழுவதற்கும் ஒன்றாக இருக்கிறது. முதலில் பேங்குக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லை. வக்கீல் மூலமாகப் புகார் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள், பாதிக்கப்பட்டவரே வக்கீலாக இருந்தால் ஒழிய. இன்சூரன்ஸுக்கும் இதே மாதிரி காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். 50 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களைப் பார்ப்பார். அங்கும் வக்கீலுக்கோ ஏஜென்டுக்கோ இடமில்லை. பாலிசிதாரரோ, வாரிசோ, நாமினியோதான் பேச வேண்டும். அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நமக்குச் சம்மதமில்லை என்றால் அதன் பிறகும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி உண்டு. ஆனால் தலைகீழாகப் போக முடியாது. ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் குறைதீர்ப்பாளர் அந்த விஷயத்தைத் தொட மாட்டார். அதனால் கோபத்தில் முதல் நாளே வழக்குப் போட்டுவிடாதீர்கள். இலவச வாசலில் முதலில் நுழைந்து பாருங்கள், இரண்டு வருடக் கணக்கை மட்டும் மறக்காமல்.

இந்த இடத்தில் வக்கீலுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. மனுவை நாமே அனுப்பினாலும், அனுப்புவதற்கு முன்பு பாலிசியையும் மறுப்புக் கடிதத்தையும் ஒரு வக்கீலிடம் காட்டி, கம்பெனி எந்த ஷரத்தைச் சொல்லி மறுத்திருக்கிறது, அந்த ஷரத்து நமக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளலாம். ஒரு மணி நேர ஆலோசனைக்கு ஆகும் செலவு வழக்குச் செலவில் சிறு பங்குதான். குண்டடம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கால்நடை இன்சூரன்ஸில் காதுவில்லை இல்லை என்றால் கிளைம் இல்லை. மாடு இறந்துவிட்டால் புதைப்பதற்கு முன்பே கம்பெனிக்குத் தகவல் போக வேண்டும். கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்து சான்று தர வேண்டும். வில்லை நம்பர் தெளிவாகத் தெரிகிற மாதிரி போட்டோ இருக்க வேண்டும். இந்தக் காகிதங்கள் இல்லாமல் எந்த வக்கீலாலும் பின்னால் எதுவும் செய்ய முடியாது. இங்கே நமக்கு வேண்டிய முதல் நிபுணர் அந்தக் கால்நடை மருத்துவர்தான்.

இன்சூரன்ஸில் இன்னொரு கண்ணி உண்டு. பாதித் தொகையைக் காட்டி, “முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்” என்று அச்சடித்த வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். பணமுடையில் போட்டுவிடுகிறோம். போட்டால் எல்லாம் முடிந்ததென்று அர்த்தமில்லை. வற்புறுத்தியோ, தவறாகச் சொல்லியோ வாங்கிய கையெழுத்து என்று காட்ட முடிந்தால் மீதிக்கு வழக்குப் போடலாம் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் அஜ்மீர் சிங் காட்டன் மில் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அதைக் காட்டும் பாரம் நம் தலையில். பணம் வாங்கிய கையோடு, சில நாளுக்குள்ளேயே, “மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை” என்று எழுதிப் போட்டிருந்தால் அந்தக் கடிதம் நமக்காகப் பேசும். வவுச்சர் கைக்கு வந்ததும், கையெழுத்துக்கு முன்பு வக்கீலைப் பாருங்கள். கையெழுத்துக்குப் பின்பு பார்ப்பதைவிட அது எத்தனையோ மேல்.

இனி நம் மண்ணுக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன்: விதை. தாராபுரம், குண்டடம், மூலனூர் மூன்று ஒன்றியங்களிலும் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், முருங்கை, காய்கறி என்று விதையை நம்பித்தான் பணம் இறங்குகிறது. முளைப்பு வராவிட்டாலும், சொன்ன ரகம் வராவிட்டாலும் விவசாயி முதலில் போவது விதைக் கடைக்கு. கடைக்காரர் தெரிந்தவர், மாமன் மச்சான் உறவில்கூட இருப்பார். “கம்பெனிக்காரன் வந்து பார்ப்பான், கொஞ்சம் பொறுங்க மாமா” என்பார். கம்பெனி ஆள் வந்து பார்த்து, தண்ணி அதிகம், மருந்து அதிகம், பருவம் தப்பு என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்குள் காட்டை உழுது மறு விதைப்புப் போட்டாயிற்று. சாட்சி மண்ணுக்குள் போய்விட்டது.

விதை வாங்கும் விவசாயி நுகர்வோர்தானா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் தீர்த்துவைத்துவிட்டது. ஆந்திர விவசாயிகள் பலர், தேசிய விதைக் கழகம் விற்ற விதையால் நஷ்டப்பட்டு மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்கள். மதுசூதன் ரெட்டி என்ற பெயரில் அறியப்படும் வழக்கு அது. விதைச் சட்டம் தனியாக இருக்கிறது, ஒப்பந்தத்தில் மத்தியஸ்த ஷரத்து இருக்கிறது, வியாபாரத்துக்காக வாங்கியது, விதை மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவில்லை என்று கழகம் அடுக்கிய வாதங்கள் எதுவும் நிற்கவில்லை. விவசாயி வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுவார், வழக்கு வரும் என்று எண்ணி ஒரு பிடியை எடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது கோர்ட்டின் கருத்து. 1968 விதை விதிகளின்படி, விற்ற ஒவ்வொரு குவியல் விதையின் கணக்கையும் விற்பனையாளர் மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மாதிரியைக்கூட அந்தக் குவியல் முழுவதும் விற்று ஒரு வருடம் கழிந்த பிறகுதான் அப்புறப்படுத்தலாம். ஆணையம் நினைத்தால் அதைக் கம்பெனியிடமிருந்தே கேட்டு வாங்கலாம். அந்த வழக்குகளில் விவசாயிகளைக் காப்பாற்றியவற்றில் முக்கியமானது, வயலை நேரில் பார்த்த வேளாண் அதிகாரிகள், நிபுணர்களின் அறிக்கை.

அந்த அறிக்கைதான் விஷயம். பயிர் சரியில்லை என்று தெரிந்த அன்றே உங்கள் ஒன்றியத்து வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். வெங்காயம், காய்கறி என்றால் தோட்டக்கலை உதவி இயக்குநர். விதை ஆய்வாளருக்கும் ஒரு நகல். “நேரில் பார்வையிட்டு, பயிர் நிலைக்கான காரணத்தைக் குறிப்பிட்டு அறிக்கை தரவும்” என்று தெளிவாகக் கேளுங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்க வருகிற நாளைப் பற்றிக் கடைக்காரருக்கும் கம்பெனிக்கும் முன்கூட்டியே தகவல் கொடுங்கள். எங்களுக்குத் தெரியாமல் பார்த்தார்கள் என்று பின்னால் அவர்கள் சொல்ல முடியாது. விதைப் பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதன் மேலிருக்கும் லாட் நம்பர், காலாவதித் தேதி, அதில் கட்டியிருக்கும் அட்டை எல்லாம் சான்று. பில்லில் அதே லாட் நம்பர் எழுதியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். எழுதாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். பக்கத்துக் காட்டில் வேறு லாட் விதை, அதே தண்ணி, அதே பருவம், நன்றாக வந்திருக்கிறது என்றால் அதையும் போட்டோ எடுத்து, அந்த விவசாயி பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணி அதிகம், மருந்து அதிகம் என்ற கம்பெனி வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அதிகாரி பார்த்துவிட்டுப் போய் அறிக்கை தராமல் இழுத்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நகல் கேளுங்கள். அறிக்கை கையில் வந்த பிறகு வக்கீலிடம் போங்கள். இதில் வக்கீல் கண்டிப்பாக வேண்டும். எதிரில் கம்பெனி வைக்கும் வக்கீல், உங்கள் அறிக்கையில் முளைப்பு சதவீதம் எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதிலிருந்து ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்பார். ஒரே லாட் விதையால் ஊரில் பத்துப் பேர் பாதிக்கப்பட்டிருந்தால் சேர்ந்து போங்கள். செலவும் பகிரும், சாட்சியும் பலப்படும். சேர்ந்து ஒரே புகாரா, தனித்தனியா என்பதை வக்கீல் முடிவு செய்யட்டும்.

மெஷின் வாங்கியவர்களுக்கு வேறொரு சங்கதி. செக்கு, மாவு மில், தறி, லேத் என்று கடன் வாங்கி மெஷின் போட்டவர், அது ஓடவில்லை என்று வழக்குக்குப் போனால், “இவர் வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர், நுகர்வோரே அல்ல” என்பதுதான் கம்பெனியின் முதல் அடி. இதற்கு அடிப்படையாக இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு நம் கோயமுத்தூர் சம்பந்தப்பட்டது: லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட், 1995. பி.எஸ்.ஜி.யிடம் சி.என்.சி. மெஷின் வாங்கியவர் தாமதம், கோளாறு என்று வழக்குப் போட்டார். மாநில ஆணையத்தில் ஜெயித்து, தேசிய ஆணையத்தில் தோற்று, உச்ச நீதிமன்றம் வரை வந்தார். சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் மெஷின் வாங்கி ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று கோர்ட் விளக்கியது. ஒரு ஆட்டோவை வாங்கித் தானே ஓட்டுகிறவர், டைப்ரைட்டர் வாங்கித் தானே அடித்துக்கொடுக்கிறவர் போல. கூட ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை. ஆனால் இந்த வழக்கில் மெஷினின் விலை, தொழிலின் அளவு எல்லாம் பெரியதாக இருந்ததால் வாங்கியவர் தோற்றார். சிவில் கோர்ட்டுக்குப் போய்க்கொள்ளலாம், இங்கே கழிந்த காலத்தைக் கெடுவில் கழித்துக்கொள்ளக் கேட்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கும் ஃபீஸ் எதற்கு என்பது இந்த மாதிரி இடத்தில்தான் புரியும். நீங்களாக எழுதும் புகாரில் “என் தொழிலுக்காக மெஷின் வாங்கினேன்” என்று இருக்கும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே கம்பெனி வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கும். விவரம் தெரிந்த வக்கீல் “சுயதொழில் மூலம் பிழைப்புக்காக வாங்கி, நானும் என் வீட்டாரும் இயக்குகிறோம்” என்று உண்மையை முழுதாக எழுதி, ஆள் எத்தனை, கடன் எந்தத் திட்டத்தில் என்று காகிதமும் வைப்பார். நாற்பது ஆள் வேலை செய்யும் மில் என்றால், இங்கே வராதீர்கள், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுவார். இரண்டுமே காசு கொடுத்து வாங்கத் தகுந்த ஆலோசனை.

ஆஸ்பத்திரி விவகாரம் என்றால் சுருக்கமாக ஒன்று. சிகிச்சைக் குறிப்புகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதி. அதை வாங்கி, அதே துறையில் இருக்கும் இன்னொரு டாக்டரிடம் காட்டி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் வக்கீலிடம் போக வேண்டும். பலன் கிடைக்கவில்லை என்பது மட்டும் கவனக்குறைவு ஆகாது. நிபுணர் கருத்து இல்லாமல் நிற்கும் மருத்துவ வழக்குகள் அபூர்வம்.

சரி, வக்கீலை எப்படித் தேர்ந்தெடுப்பது? நுகர்வோர் ஆணையத்தில் நடத்திப் பழக்கமுள்ளவரா என்று நேராகவே கேளுங்கள். கிரிமினல் வழக்கில் பேர் எடுத்தவர் இதில் நன்றாகச் செய்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஃபீஸை நோட்டீஸுக்கு இவ்வளவு, புகாருக்கு இவ்வளவு, நிரூபண வாக்குமூலமும் வாதமும் இவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தீர்ப்பு வந்த பிறகு நிறைவேற்று மனுவுக்குத் தனியாக எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். “இப்ப ஒண்ணும் வேண்டாம், வர்றதுல பாதி குடுங்க” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும், வருகிற தொகையில் பங்கு கேட்பதும் வக்கீலுக்கு இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி கூடாத செயல். வக்கீல் அல்லாதவர்கள் “உங்க கிளைமை வாங்கித் தர்றோம்” என்று கமிஷன் பேசிக்கொண்டு வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வக்கீல் இல்லாத ஒருவரை நம் பிரதிநிதியாக ஆணையத்தில் நிறுத்தலாம் என்பதை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மகனோ மருமகளோ படித்த உறவினரோ நமக்காகப் போய்ப் பேசலாம். ஆனால் அதையே தொழிலாகச் செய்கிற ஏஜென்டுகளை அனுமதிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது.

அசல் பில், அசல் பாலிசி, அசல் பத்திரம் எதையும் வக்கீலிடம் விட்டுவிடாதீர்கள். ஜெராக்ஸ் கொடுங்கள், கேட்கும் நாளில் அசலோடு போங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கூடாது. தாக்கல் செய்த ஒவ்வொன்றின் நகலும், வழக்கு எண்ணும் உங்களிடம் இருக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் ஈ-ஜாக்ரிதி என்ற இணைய தளத்தில் வாய்தாத் தேதியை நீங்களே பார்க்கலாம். புகாரையும் அதிலேயே தாக்கல் செய்யலாம். மனம் ஒத்துவராமல் வக்கீலை மாற்ற நினைத்தால், ஃபீஸ் பாக்கி என்று சொல்லி அவர் வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க முடியாது. 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போடலாமே தவிர கட்டைத் தர மறுக்கக் கூடாது.

இதையெல்லாம் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2024 மே மாதம் டி.கே. காந்தி வழக்கில், வக்கீலின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஃபிரிட்ஜ் கம்பெனி ஏமாற்றினால் ஆணையத்துக்குப் போகலாம். அந்த வழக்கை நடத்திய வக்கீல் வாய்தாவுக்கே போகாமல் கோட்டை விட்டால் அதே ஆணையத்துக்குப் போக முடியாது. பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், சிவில் வழக்குப் போடலாம். அந்த இரண்டும் நீண்ட பாதைகள். ஆகவே ஆள் பார்த்துக் கொடுப்பதும், கொடுத்த பின் கவனித்துக்கொண்டே இருப்பதும் நம் பொறுப்பாகிறது.

காசில்லை என்று கம்பெனியிடம் விட்டுக்கொடுத்துவிட வேண்டாம். ஆணையத்தில் கட்டணமே பெரிதல்ல: பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கணக்கு நாம் கொடுத்த விலைக்குத்தான், கேட்கும் நஷ்ட ஈட்டுக்கு அல்ல. கம்பெனி மும்பையில் இருந்தாலும், பில்லில் “மும்பை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது” என்று அடித்திருந்தாலும் பரவாயில்லை. 2019 சட்டப்படி, நாம் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும் வரை தாராபுரம் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது; இப்போது நமக்கான ஆணையம் திருப்பூரில். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற முடியாதவர்கள் காணொளி மூலம் ஆஜராக அனுமதி கேட்கலாம், சட்டத்தில் இடமிருக்கிறது.

வக்கீலுக்கும் இலவச வழி உண்டு. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இது கிரிமினல் வழக்குக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம். அந்தச் சட்டத்தில் ‘கோர்ட்’ என்றால் நீதி விசாரணை அதிகாரம் உள்ள தீர்ப்பாயங்களும் அடக்கம். நுகர்வோர் ஆணையமும் அதில் வரும். பாலிசியோ பில்லோ வீட்டுப் பெண்கள் பேரில் இருந்தால் அவர்களே நேராக விண்ணப்பிக்கலாம்.

வழக்குத் தொடங்கிய பிறகு நடப்பதையும் கொஞ்சம் தெரிந்துவைத்திருங்கள். நோட்டீஸ் கிடைத்து 30 நாளில் கம்பெனி பதில் போட வேண்டும். மேற்கொண்டு 15 நாள் வரை ஆணையம் கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுக்க முடியாது என்று 2020 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. 46-ஆவது நாள் பதிலுரையோடு வந்தால் எதிர்க்கச் சொல்லுங்கள். வாட்ஸப் உரையாடல், கால் ரெக்கார்டிங், மெயில் வைக்கிறோம் என்றால் மின்னணுச் சான்றுக்கான சான்றிதழை அத்துடன் சேர்த்துவிடுவது நல்லது; வக்கீலுக்கு அதன் வாசகம் தெரியும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். சமரசப் பேச்சுக்கு அனுப்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம்; நல்ல தொகை என்றால் அங்கேயே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஜெயித்த பிறகு சோர்ந்துபோகிறவர்களுக்காக வருத்தப்படுகிறேன். தீர்ப்பு நகலை ஃபிரேம் போடாத குறையாக வைத்துக்கொண்டு, கம்பெனி தானாகப் பணம் அனுப்பும் என்று காத்திருப்பார்கள். மேல்முறையீடு செய்யக் கம்பெனிக்கு 45 நாள். தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டினால்தான் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்வார்கள். அந்த 45 நாள் கழிந்து அசைவில்லை என்றால் உடனே நிறைவேற்று மனுப் போட வேண்டும். சிவில் கோர்ட் டிக்ரி மாதிரி சொத்தை ஜப்தி செய்யவும் வழி உண்டு. உத்தரவை மீறியதற்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையோ, 25 ஆயிரம் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. புகாரைத் தானே நடத்தியவர்கள்கூட இந்தக் கட்டத்துக்கு வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. கம்பெனிகள் தீர்ப்பைவிட இந்த மனுவுக்குத்தான் வேகமாகப் பதில் சொல்கின்றன.

கையில் ஒரு தகராறு இருந்தால் இந்த வாரமே செய்யுங்கள். ஒரு முழுத் தாளை எடுத்து, வாங்கிய தேதி, கோளாறு தெரிந்த தேதி, யாரிடம் என்ன சொன்னோம், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தேதிவாரியாக எழுதி, அதே வரிசையில் பில்களை அடுக்குங்கள். இரண்டு வருடம் முடியும் நாளைத் தாளின் தலைப்பில் பெரியதாக எழுதுங்கள். அதோடு தாராபுரம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். போக முடியாதவர்கள் 15100-க்குப் பேசுங்கள். ஆலோசனைக்கு அங்கே காசு வாங்க மாட்டார்கள்.